இளைஞர் மன்றமும் செயலேடும்



வரலாறு என்றதும் நம் நினைவுக்கு வருபவை அரசர்களும் போர்களும் ஒப்பந்தங்களுமே. லூமுட் வட்டாரத்தில் வாழ்வோர்க்கு இது மிகவும் பொருந்தும். லூமுட் படகுத்துறைக்கு எதிரே உள்ள பங்கோர்த் தீவின் பெயரைத் தாங்கிய ஒப்பந்தம்தான் 1874ஆம் ஆண்டில் பேராக்கின் தலைவிதியை மாற்றியது. அதன்பின் டிண்டிங் என்று வழங்கிய இந்தப் பகுதி, நீரிணைக் குடியேற்றங்களோடு சேர்ந்து பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. 1935இல் மீண்டும் பேராக்கிடம் வந்து சேர்ந்தது. ஆகவே, லூமுட்டில் 1934இல் பிறந்த அண்ணனின் பிறப்பு ஓர் ஆட்சியின் ஏட்டிலும், 1936இல் பிறந்த தம்பியின் பிறப்பு வேறோர் ஆட்சியின் ஏட்டிலும் பதிவாயின. ஒரே வீடு, ஒரே தாய். ஏடுகள் மட்டும் இரண்டு!

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட வரலாறு இதனினும் சிறியது. இளைஞர் மன்றத்தில் சேர்ந்த ஒரு பிள்ளை என்ன கற்றான், என்ன செய்தான், எதில் தேறினான் என்பதை எழுதி வைக்கும் பழக்கத்தின் வரலாறு அது. 'இதற்கும் ஒரு வரலாறா?' என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. அதை நாம் அறிந்துகொள்ளாமல் இழந்தவையும் உண்டு.

முதலில் நம் தோட்டங்களைப் பார்ப்போம். லூமுட், சித்தியவான், ஆயர் தாவார் ஆகிய ஊர்களைச் சூழ்ந்திருந்த ரப்பர்த் தோட்டங்களில் நம்மவர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். அவர்களைப் பற்றித் தோட்ட நிருவாகம் எழுதி வைத்தது என்ன? பெயர், வேலைக்கு வந்த நாள், எடுத்த பால், பெற்ற சம்பளம். செக்ரோல் புத்தகத்தில் அவர்கள் ஆட்களாக இருந்தார்கள். அவர்களுடைய திறமையை எழுத அதில் பத்தி இல்லை. நாடு 1957இல் விடுதலை பெற்ற பின், குடியுரிமைக்குச் சான்று காட்ட வேண்டிய வேளையில் பலரிடம் உரிய தாள்கள் இல்லை. குடியுரிமை பெறாதவர்க்கு வேலை அனுமதி வேண்டும் என்ற விதி 1969இல் நடைமுறைக்கு வந்தபோது, பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குத் திரும்ப நேர்ந்தது. ஒரு தாளின் மதிப்பு என்ன என்பதை நம் சமுதாயம் புத்தகத்தில் படித்து அறியவில்லை; பட்டு அறிந்தது.

அதே காலத்தில், தோட்டத்து இளைஞர்களின் திறமையை எழுதி வைத்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் பத்திரிகைக்காரர்கள். தமிழ் நேசன் நாளிதழில் 1950–51ஆம் ஆண்டுகளில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினர். புதிதாக எழுத வந்தோருக்குக் கதை எழுதும் முறையைப் பத்திரிகை வாயிலாகவே கற்பித்தனர். சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசு, 1950களில் 'மாணவர் மணிமன்றம்' என்ற பகுதியில் மாணவர்களின் எழுத்துக்கு இடம் தந்தது. ஏட்டில் தொடங்கிய அந்த மணிமன்றம் ஊர்தோறும் உயிருள்ள மன்றங்களாகக் கிளைத்தது. பின்னர் மலேசியத் தமிழ் இளைஞர் மணிமன்றம் என்னும் நாடளாவிய இயக்கமாகவும் வளர்ந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பத்திரிகைக்கு அனுப்பப்பட்டவை பிழைத்தன. மன்றத்து அலமாரியில் கிடந்தவை பெரும்பாலும் பிழைக்கவில்லை. தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் மின்வடிவில் காத்து வருகிறது. ஆனால், தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயன்கள் இடிந்தன. மன்றத்துக் கூட்டக் குறிப்பேடுகளும் கோப்புகளும் கறையானுக்கும் மழைக்கும் இரையாயின.

பிழைத்த குறிப்பேடுகள்தாம் என்ன சொல்கின்றன? 'கூட்டம் மாலை 7.00 மணிக்குத் தொடங்கியது. தலைவர் வரவேற்றார். செயலாளர் அறிக்கை வாசித்தார். கூட்டம் இனிது முடிந்தது.' இந்த நடை நம் எல்லாருக்கும் பழக்கமானதே. இதில் மன்றம் இருக்கிறது, தலைவர் இருக்கிறார், செயலாளர் இருக்கிறார். முதன்முறை மேடையேறிக் கால் நடுங்கப் பேசிய பிள்ளை எங்கே? மறு ஆண்டு அதே பிள்ளை பேச்சுப் போட்டியில் வென்றபோது, இடையில் நடந்த பயிற்சி எங்கே? இல்லை. மன்றத்தின் வரலாறு எழுதப்பட்டது. மன்றத்தில் வளர்ந்தவரின் வரலாறு எழுதப்படவில்லை.

இந்தக் குறையை வேறு நாட்டார் எவ்வாறு தீர்த்தனர் என்று பார்ப்போம். அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் 1902இல் கிரகாம் என்னும் பள்ளிக் கண்காணிப்பாளர், கிராமப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு மன்றம் தொடங்கினார். மண்ணைச் சோதிப்பது, சோளம் பயிரிடுவது, கண்டதை எழுதி வைப்பது ஆகியவை அவர்களுடைய வேலை. பின்னாளில் நான்கு 'எச்' இயக்கம் என்று பெயர் பெற்றதன் வேர்களுள் இதுவும் ஒன்று. தென் மாநிலங்களில் எழுந்த சோள மன்றங்களோ இன்னும் ஒரு படி மேலே சென்றன. அங்கே ஒவ்வொரு சிறுவனுக்கும் ஓர் ஏக்கர். பரிசுக்குரிய 100 மதிப்பெண்களில் விளைச்சலுக்கு 30. இலாபக் கணக்குக்கு 30. கண்காட்சிக்கு வைத்த கதிர்களுக்கு 20. பயிரிட்ட விதத்தைத் தானே எழுதிய வரலாற்றுக்கு 20. அதாவது, பாதி மதிப்பெண் ஏட்டில் இருந்தது! தென் கரோலினாவைச் சேர்ந்த ஜெரி மூர் என்ற சிறுவன் 1910இல் ஓர் ஏக்கரில் 228¾ புஷல் சோளம் எடுத்தான். நம் கணக்கில் அது ஏறத்தாழ 5,800 கிலோகிராம். பெரியவர்களே வியந்த அந்த விளைச்சல் இன்றும் பேசப்படுகிறது. எழுதி வைத்தார்கள், ஆகவே பேசுகிறோம்.

இங்கிலாந்தில் 1956இல் தொடங்கிய எடின்பரோ கோமகன் விருதுத் திட்டமும் இதே வழியில் சென்றது. தொண்டு, திறன், உடற்பயிற்சி, பயணம் என்று ஒவ்வொன்றிலும் இளைஞர் செய்ததைப் பதிவேட்டில் குறித்து, வழிகாட்டியின் கையொப்பம் பெற்ற பின்னரே வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று விருது உயர்ந்தது. பிறரை வென்றதற்காக அந்த விருது கிடைப்பதில்லை. நேற்றைய தன்னைவிட இன்று முன்னேறியதற்கே கிடைக்கிறது. நேற்று எப்படி இருந்தோம் என்று எழுதி வைக்காதவன் அதை எவ்வாறு காட்டுவான்?

நம் நாட்டிலும் இதன் பயன் தெளிவாகவே இருக்கிறது. அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவில் கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடும் புறப்பாட நடவடிக்கைகளுக்கு 10 விழுக்காடும் கணக்கிடும் முறை வந்தது. ஒரு மதிப்பெண் வேறுபாட்டில் இடம் கைநழுவும் நிலையில், இந்தப் பத்து சிறிய எண்ணன்று. எந்தச் சான்று ஏற்கப்படும் என்பதற்கு விதிகள் உண்டு; அவற்றை முன்கூட்டியே கேட்டறிவது நலம். துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குச் சான்றைத் தகரப் பெட்டியின் அடியில் பத்திரப்படுத்தினார்கள் நம் தாய்மார்கள். அந்தக் கவனம் பிள்ளையின் மன்றத்துத் தாளுக்கும் வேண்டாவா?

அப்படியானால் செயலேட்டில் என்ன எழுதுவது? ஒரு பிள்ளை மன்றத்தின் சார்பில் பயற்றங்காய்ப் பாத்தி போடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். தொடங்கிய நாள், விதைக்கும் உரத்துக்கும் ஆன செலவு, சொல்லிக் கொடுத்தவர் பெயர், பூச்சி விழுந்த வாரம், அதற்குச் செய்த மருந்து, காய்த்த எடை, விற்ற காசு ஆகிய அனைத்தையும் எழுதட்டும். கடைசியில், 'அடுத்த முறை எதை மாற்றிச் செய்வேன்?' என்று இரண்டு வரி. பாத்தி பட்டுப்போனால் அதையும் மறைக்காமல் எழுதட்டும். வென்றதை மட்டும் எழுதுவது விளம்பரம். தவறியதையும் சேர்த்து எழுதுவதே பாடம். மாத இறுதியில் செயலாளர் படித்துப் பார்த்துக் கையொப்பமும் தேதியும் இட வேண்டும். அந்தக் கையொப்பம் இல்லையேல் ஏடு வெறும் நாட்குறிப்பாகிவிடும்.

'எல்லாம் கைப்பேசியில் இருக்கிறதே!' என்பார் சிலர். படம் இருக்கலாம். படத்தில் இருப்பவர் யார், எந்த ஆண்டு, எதற்காகக் கிடைத்த கோப்பை என்று பத்து ஆண்டு கழித்துச் சொல்ல ஆள் வேண்டுமே! கைப்பேசி பழுதானால் புலனக் குழுவில் வந்த படங்களும் போய்விடும். ஆகவே படத்தின் பின்னே பெயரும் நாளும் எழுதி ஒட்டுங்கள். ஒரு படி வீட்டிலும், மற்றொரு படி மன்றத்திலும் இருக்கட்டும். ஆண்டுக்கொரு முறை செய்தித்தாளுக்கும் அறிக்கை அனுப்புங்கள். முன்னோர் விட்டுச்சென்றவற்றுள் பிழைத்தவை எவை என்பதை மேலே கண்டோம் அல்லவா?

நேயர்களே! நம் பாட்டன்மாரின் கணக்கைப் பிறர் எழுதினர். அவர்கள் எடுத்த பால் மட்டுமே அதில் நின்றது. நம் பிள்ளைகளின் கணக்கை அவர்களே எழுதட்டும். அடுத்த மன்றக் கூட்டத்திற்கு முன் செயலாளர் செய்ய வேண்டியது ஒன்றுதான். உறுப்பினர் எத்தனை பேரோ அத்தனை நோட்டுப் புத்தகங்கள் வாங்கி, முதல் பக்கத்தில் அவரவர் பெயரை எழுதிக் கையில் கொடுங்கள். இரண்டாம் பக்கத்தை அவர்கள் எழுதுவார்கள்.