கடல்நீர்த் தொட்டிக்கு எவ்வளவு ஓட்டம் வேண்டும்? விழிஞக் கரையை முன்வைத்து ஒரு மறுகணக்கு

பெரிய கடல்நீர்த் தொட்டி அமைப்பவர்களிடையே ஒரு கணக்கு விதிபோலவே புழங்குகிறது. தொட்டியின் கொள்ளளவைப் போலப் பத்து மடங்கு நீர் மணிதோறும் சம்ப் எனப்படும் கீழ்த்தேக்கத்தின் வழியாகச் சுற்றிவர வேண்டும், நீரை அங்கிருந்து மேலேற்றும் ரிட்டர்ன் பம்பை அதற்கேற்ப வாங்க வேண்டும் என்பது அது. திருவனந்தபுரம் போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊரில் இவ்விதி நன்மையைவிடக் கேட்டையே அதிகம் தருகிறது. பம்பின் அளவை மீன்களின் மூச்சிலிருந்தும் குழாயின் தடையிலிருந்தும் கணக்கிட்டே பெற வேண்டும் என்பது என் வாதம்.

கடல் அருகிலேயே இருக்கும்போது நீரைச் சுழற்றுவானேன், புதுநீரையே இறைத்துவிட்டால் என்ன என்ற கேள்வி இங்கே இயல்பாக எழும். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும் அதன் ‘சாகரிகா’ காட்சியகமும் இம்மாவட்டத்தின் விழிஞத்தில் கடலோரத்தில்தான் உள்ளன. ஆனால் இக்கரையின் நீர் ஆண்டு முழுதும் ஒரே தன்மையில் இருப்பதில்லை. விழிஞத்தை அடுத்த கோவளத்துக்கு வடக்கே கரமனையாறும் தெற்கே பூவாறில் நெய்யாறும் கடலில் கலக்கின்றன. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. மழை வலுத்தால் கரையோர நீரின் உப்பு குறைந்து கலங்கல் ஏறும். போதாக்குறைக்கு, தென்மேற்குப் பருவத்தில் ஆழ்நீர் கரையை ஒட்டி மேலெழுகிறது. குளிர்ந்து, ஆக்சிஜன் குறைந்த நீர் அது. ஆகவே நல்ல நாளில் எடுத்த நீரைச் சேமித்துச் சுழற்றுவதே இங்கே பாதுகாப்பு.

இந்த அறிவு புதிதன்று. 1871இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் காட்சியகத்தை அமைத்த வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட், காட்சித் தொட்டிகளைவிடப் பன்மடங்கு பெரிய தேக்கத்தைக் கீழே இருளில் வைத்து, அந்நீரை இரவும் பகலும் சுழலவிட்டார். 1874இல் திறக்கப்பட்ட நேப்பிள்ஸ் காட்சியகத்துக்கும் அவரே வழிகாட்டினார். அவர் நம்பியது ஓட்டத்தின் வேகத்தைவிடத் தேக்கத்தின் பருமனை. நம் தொட்டிக்காரர்கள் பம்புக்குக் கொடுக்கும் பணத்தில் பாதியைச் சம்ப்பின் கொள்ளளவுக்குக் கொடுத்தால் எவ்வளவோ மீன்கள் பிழைக்கும்.

கணக்குக்கு வருவோம். 4,000 லிட்டர் தொட்டி, அதில் மொத்தம் 8 கிலோ மீன். 28 டிகிரி வெப்பமுள்ள கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 6.4 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்து வைத்திருக்கும். குளிர்நாட்டுத் தொட்டிகளில் இது 8ஐத் தாண்டும். இரை தின்ற மீன் கிலோவுக்கு மணிக்கு 600 மில்லிகிராம் உட்கொள்கிறது எனத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மொத்தத் தேவை 4,800 மில்லிகிராம். தொட்டிக்குள் வரும் நீருக்கும் வெளியேறும் நீருக்கும் இடையே அரை மில்லிகிராம் வேறுபாடு மட்டுமே அனுமதித்தாலும் 9,600 லிட்டர் ஓட்டம் போதும். கொள்ளளவில் 2.4 மடங்கு. நீர்ப்பரப்பு நேராகக் காற்றிலிருந்து பெறுவதை இதில் சேர்க்கவே இல்லை.

மிகை ஓட்டம் நீரை மேலும் தூய்மையாக்கும் என்பார்கள். நீச்சல்குளங்களுக்காக கேஜும் பிட்வெல்லும் 1926இல் வகுத்த கலப்பு விதி இதற்கு விடை தருகிறது. ஒரு சுற்று முடிந்தால் நீரில் 63 விழுக்காடும், மூன்று சுற்றில் 95 விழுக்காடும் வடிகட்டியைக் கடந்திருக்கும். மணிக்கு மூன்று சுற்று என்றால் ஒரு மணி நேரத்திலேயே அந்த 95 வந்துவிடுகிறது. அதற்குமேல் விரட்டினால், கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் தன் கொள்திறனுக்கு மேல் எதையும் பிரித்துத் தராது.

இனி விலை. மூன்று மடங்கு, அதாவது 12,000 லிட்டர், 50 மி.மீ. உள்விட்டக் குழாயில் நொடிக்கு 1.7 மீட்டர் வேகத்தில் ஓடும். நீரை ஏற்றும் உயரம் 2 மீட்டர். வளைவுகளையும் சேர்த்துப் பத்து மீட்டர் குழாய் என்றால் உராய்வு சுமார் 0.7 மீட்டர். மொத்தம் 2.7 மீட்டர். 40 விழுக்காடு திறனுள்ள பம்பு இதற்கு 225 வாட் எடுக்கும். அதே குழாயில் பத்து மடங்கான 40,000 லிட்டரைத் தள்ளினால் உராய்வு மட்டுமே 7 மீட்டரைத் தாண்டி, மின்தேவை 2,600 வாட்டை எட்டும். ஓட்டம் 3.3 மடங்கு, மின்சாரம் பதினொரு மடங்குக்கு மேல். குழாயின் விட்டத்தை இரட்டித்தாலும் 630 வாட்டுக்குக் கீழே இறங்குவது கடினம். அது மாதம் 450 யூனிட். கேரளத்தில் வீட்டு இணைப்பு மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் படிநிலைக் கட்டணம் போய், மொத்தப் பயன்பாட்டுக்கும் ஒரே உயர் விகிதம் விழும்.

பணத்தைவிட வெப்பமே எனக்குப் பெருங்கவலை. நீரில் மூழ்கிய பம்பு எடுக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் அந்நீரிலேயே வெப்பமாகிறது. 225 வாட், 630 வாட் பம்புகளுக்கு இடையிலான 405 வாட் வேறுபாடு, வெளியேற வழியில்லாவிட்டால், 4,000 லிட்டரை நாளொன்றுக்கு 2 டிகிரி சூடாக்கும். மின்விசிறி வைத்து ஆவியாக்கிக் குளிர்விக்கும் முறை உலர்ந்த காற்றில் கைகொடுக்கும். திருவனந்தபுரத்தின் ஈரக்காற்றில் அதற்கு வலு குறைவு. 30 டிகிரியைத் தாண்டி நாள்கணக்கில் நிற்கும் நீரில் பவளங்கள் வெளுக்கத் தொடங்கும்.

வேகம் மாற்றக்கூடிய டிசி பம்பு வாங்கிப் பின்னால் குறைத்துக்கொள்ளலாம் என்பது அடுத்த நம்பிக்கை. வேகத்தின் மும்மடிக்கேற்ப மின்சாரம் குறையும் என்ற விதியைக் காட்டி இப்படிச் சொல்கிறார்கள். ஏற்றுயரம் இல்லாத சுற்றில் அது சரி. நம் எடுத்துக்காட்டில் தடையின் பெரும்பகுதி உயரமே. ஓட்டம் நின்ற நிலையில் 4 மீட்டர் தள்ளும் பம்பை 80 விழுக்காடு வேகத்துக்கு இறக்கினால், தள்ளும் உயரம் 2.56 மீட்டராகி, ஓட்டம் 12,000 லிட்டரிலிருந்து 6,300 அளவுக்கு, ஏறத்தாழப் பாதியாக விழும். 70 விழுக்காட்டில் நீர் தொட்டியை எட்டவே எட்டாது. பம்பு சுழலும், ஓசை கேட்கும், ஓட்டம் இராது. வாங்குமுன் பம்பின் உயர–ஓட்ட வரைகோட்டில் தன் குழாயின் தடைக்கோட்டையும் வரைந்து, இரண்டும் வெட்டும் புள்ளியைப் பார்க்காதவர் பெட்டியில் அச்சிட்ட எண்ணைத்தான் வாங்குகிறார்.

பவளங்களுக்கு வலுவான ஓட்டம் வேண்டுமே என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் அந்த ஓட்டம் தொட்டிக்குள் வேண்டும். சம்ப்புக்கு இறங்கி ஏற வேண்டியதில்லை. தொட்டிச் சுவரில் பொருத்தும் வேவ்மேக்கர் நீரை உயர்த்துவதில்லை, பக்கவாட்டில் அசைக்கிறது. 50 வாட்டில் மணிக்கு 10,000 லிட்டருக்கு மேல் நகர்த்தும். இரு வேலைகளையும் ஒரே பம்பின் தலையில் கட்டியதே பத்து மடங்கு விதியின் அடிப்படைப் பிழை. மேற்பரப்புப் படலம் நீக்கவும் பெரும் ஓட்டம் தேவையில்லை. ஒரு மீட்டர் நீள ஓவர்ஃப்ளோ விளிம்பில் 12,000 லிட்டர் 15 மி.மீ. தடிப்பில் வழியும், விளிம்பை நீட்டினால் இன்னும் மெலிந்து படலத்தை நன்றாக இழுக்கும்.

மழைக்காலத்தில் மரக்கிளை கம்பியில் விழுந்து மின்சாரம் போவது இவ்வூரில் வழக்கம். 3 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமுமுள்ள தொட்டியில் ரிட்டர்ன் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இருந்தால், பம்பு நின்றதும் 540 லிட்டர் பின்வழியே இறங்கும். குழாயில் நீர்மட்டத்தை ஒட்டி ஒரு துளையிட்டால் காற்றுப் புகுந்து அந்த இறக்கம் அறுபடும். ஆனால் துளை பாசியால் அடைபடும் என்பதால் சம்ப்பில் அந்த 540 லிட்டருக்கும் இடம் வைப்பதே முறை. 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரி 225 வாட் பம்பை ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவும், 630 வாட் பம்பை இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகவும் ஓட்டும். 50 வாட் வேவ்மேக்கரை மட்டும் அதில் இணைத்து மேற்பரப்பை நோக்கித் திருப்பினால், இருபது மணி நேரம் நீர் காற்றோடு கலந்துகொண்டிருக்கும்.