கட்டைவிரல் சைஸ் லேசரும் போட்டியாளர்கள் போட்ட ஒப்பந்தமும்

சில வருஷம் முந்தி நடந்தது. ராத்திரி ரெண்டு மணி இருக்கும். 70 கி.மீ. தள்ளி இருக்கிற ஊருக்குப் போற இணைப்பு படுத்துருச்சு. போய்ப் பார்த்தா, ஸ்விட்ச்சில் சொருகியிருந்த எஸ்எஃப்பி மாட்யூலோட லேசர் செத்துப்போயிருந்தது. பரவாயில்லைன்னு அலமாரியைத் திறந்தேன். அதே அலைநீளம், அதே தூரம், ஆனா வேற கம்பெனியோட மாட்யூல் ஒண்ணு இருந்தது. சொருகினேன். "ஆதரவில்லாத மாட்யூல்"னு ஒரே ஒரு வரி காட்டிட்டு ஸ்விட்ச் அந்தப் போர்ட்டை மூடிக்கிச்சு. சரியான பேர் போட்ட மாட்யூல் வந்து சேரும்போது காலை பத்து மணி. அதுவரைக்கும் ஒரு ஊரே இருட்டு.

இந்தக் கடுப்புல இதோட சரித்திரத்தைத் தோண்ட ஆரம்பிச்சவன்தான். தோண்டினா கடுப்பு இன்னும் ஜாஸ்தியாச்சு. ஏன்னு கடைசியில சொல்றேன்.

கதை 1966-ல ஆரம்பிக்குது. இங்கிலாந்தில் வேலை பார்த்த சார்லஸ் காவ், ஜார்ஜ் ஹாக்கம் ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினாங்க. கண்ணாடி இழையில் ஒளி இழப்பு ஒரு கி.மீ.க்கு 20 டெசிபெல்லுக்குக் கீழே வந்தா, அதை வச்சு தொலைத்தொடர்பே நடத்தலாம்னு அதில் சொன்னாங்க. 20 டெசிபெல்னா நூத்துல ஒரு பங்கு ஒளிதான் மிஞ்சும். இதையே ஒரு சாதனையா பேசுறாங்களேன்னு தோணும். ஆனா அன்னைய கண்ணாடியில் இழப்பு கி.மீ.க்கு 1000 டெசிபெல். அதாவது 20 மீட்டர் போறதுக்குள்ளேயே அதே நூத்துல ஒரு பங்குதான் மிஞ்சும். 1970-ல அமெரிக்காவில் கார்னிங் கம்பெனியின் மாரர், கெக், ஷுல்ட்ஸ் மூணு பேரும் 17 டெசிபெல்லுக்குக் கொண்டு வந்தாங்க. இன்னைக்கு 1550 நானோமீட்டர் அலைநீளத்தில் சுமார் 0.2 டெசிபெல். 20 மீட்டர், ஒரு கி.மீ., இப்போ 100 கி.மீ. மொத்த வளர்ச்சியும் இந்த மூணு எண்ணுக்குள்ள அடங்கிருச்சு. காவுக்கு 2009-ல நோபல் பரிசு கிடைச்சது.

இழை தயார். ஆனா அதோட முனையில் மின்சாரத்தை ஒளியாவும் ஒளியை மின்சாரமாவும் மாத்த ஒரு பெட்டி வேணுமே? ஆரம்பத்தில் அது கருவியோட போர்டிலேயே பற்றவச்சது. ஒரே வரிசையில் 9 கால் இருக்கிற குட்டிப் பெட்டி. பக்கத்து ரூமுக்குப் போற இணைப்பை பக்கத்து ஊருக்கு மாத்தணும்னா கார்டையே மாத்தணும். லேசர் போனா கார்டே போச்சு.

1990-களின் நடுவில் வந்த ஜிபிஐசி இதை மாத்திச்சு. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெருசு. ஸ்விட்ச் ஓடிட்டிருக்கும்போதே உருவலாம், சொருகலாம். 2000-ல அதில் பாதி அளவுக்கு எஸ்எஃப்பி வந்தது. கட்டைவிரல் சைஸ்தான். ஒரே ஓட்டையில் 850 நானோமீட்டர் மாட்யூலைப் போட்டா கட்டடத்துக்குள்ள, 1310 போட்டா 10 கி.மீ., 1550-ல 80 கி.மீ. வரைக்கும். இந்தக் கடைசி ரகத்தை ஐஇஇஇ தரப்படுத்தவே இல்லை. கம்பெனிகளாவே செஞ்சு வித்து, நடைமுறையில் அதுவே தரமாயிருச்சு.

(80 கி.மீ. மாட்யூல் ரெண்டை எடுத்து மேசைமேல ஒரு மீட்டர் கேபிளில் இணைச்சு, ஏன் வேலை செய்யலைன்னு முழிச்ச ஆள் நான். எதிர்ல இருக்கிறவன் காதுல மெகாபோன் வச்சுக் கத்துற மாதிரி. நடுவில் ஒளியைக் குறைக்கிற அட்டென்யுவேட்டர் போடணும். இல்லைன்னா ரிசீவரே போயிரும்.)

அப்புறம் வேகம் வந்தது, கூடவே பிரச்சினையும். ஒளித்துடிப்பில் இருக்கிற வெவ்வேறு அலைநீளங்கள் இழையில் வெவ்வேறு வேகத்தில் போகும். அதனால போகப் போகத் துடிப்பு அகலமாகி அடுத்த துடிப்போட கலந்துரும். வேகத்தை 10 மடங்கு ஏத்தினா, இதைத் தாங்குற தூரம் 100-ல ஒண்ணா சுருங்கும். 10 ஜிகாபிட்டில் 80 கி.மீ. போறதே சிரமம், 40 ஜிகாபிட்டில் நாலஞ்சு கி.மீ.யிலேயே மூச்சு வாங்கும்.

விடை ஏற்கனவே பரண்மேல கிடந்தது. ஒளியின் பிரகாசத்தை மட்டும் பார்க்காம, அலையோட கட்டத்தையும் சேர்த்துப் படிக்கிற "கோஹெரண்ட்" முறை. 1980-கள்லயே ஆராய்ச்சி நடந்தது. 1987-ல எர்பியம் கலந்த இழையில் ஒளியை ஒளியாவே பெருக்குற வழி கிடைச்சதும், கஷ்டமான இந்த முறையை மூட்டை கட்டிட்டாங்க. 20 வருஷம் கழிச்சு, 2008-ல, கனடாவின் நார்டெல் கம்பெனி அதை 40 ஜிகாபிட் கருவியாக்கி வித்தது. இழையில் நடக்குற குழப்பத்தையெல்லாம் ஒரு சிப் கணக்குப் போட்டே சரிபண்ணிச்சு. அடுத்த ஜனவரியிலேயே நார்டெல் திவால் மனு போட்டது. அதன் ஒளிப்பிரிவை 2010-ல சியனா வாங்கிக்கிச்சு. விதைச்சவன் ஒருத்தன், அறுத்தவன் இன்னொருத்தன்.

அப்போ அது ஒரு முழு கார்டு. அதோட ஒவ்வொரு கம்பெனியும் பிழைதிருத்தத்துக்கு தனித்தனிக் கணக்கு வச்சிருந்ததால, இழையோட ரெண்டு முனையிலும் ஒரே கம்பெனிதான் இருக்கணும். 2020-ல வந்த 400இசட்ஆர் உடன்படிக்கை அந்தக் கணக்கையும் பொதுவாக்கிருச்சு. 400 ஜிகாபிட், ரெண்டு முனையிலும் ஒளிப்பெருக்கி வச்சா ஒரே தாவலில் 120 கி.மீ. வரை. எல்லாம் ரெண்டு விரலால் பிடிக்கிற மாட்யூல். இந்த முனையில் ஒருத்தர் செஞ்சது, அந்த முனையில் வேறொருத்தர் செஞ்சது, ரெண்டும் பேசிக்கணும். அதுதான் நோக்கமே.

இப்போ கடுப்புக்கு வரேன். எஸ்எஃப்பியை எந்த அரசாங்கமும் விதிக்கலை. போட்டியாளர்கள் சேர்ந்து உட்கார்ந்து, "யார் செஞ்சாலும் யாரோட ஓட்டையிலும் பொருந்தணும்"னு கையெழுத்துப் போட்டது. அதே ஒப்பந்தப்படி உள்ள ஒரு குட்டி மெமரி சிப் இருக்கும். அலைநீளம், தூரம், வரிசை எண்ணோட செஞ்சவர் பேருக்கும் 16 எழுத்து இடம். எந்த மாட்யூல்னு தெரிஞ்சுக்க வச்ச அந்த இடத்தைத்தான் பூட்டாக்கிட்டாங்க. ஸ்விட்ச் அதைப் படிச்சுப் பார்த்து, தன் ஆள் இல்லைன்னா கதவைச் சாத்துது.

பரிசோதிச்ச மாட்யூலுக்குத்தான் உத்தரவாதம் தர முடியும்னு அவங்க சொல்றதில் நியாயம் உண்டு. மோசமான மாட்யூலை நானும் பார்த்திருக்கேன். ஆனா பல ஸ்விட்ச் கம்பெனிகள் லேசரைத் தாங்களே செய்றதில்லை. வெளியில் வாங்கித் தங்கள் பேரை ஒட்டுறாங்க. அப்போ பூட்டு தரத்துக்கா, விலைக்கா? எச்சரிக்கை காட்டட்டும், வேணாங்கலை. ஓடுறதை நிறுத்தாம இருந்தா போதும்.

அன்னைக்கு ராத்திரி 70 கி.மீ. தாண்டுறதுக்கு வேண்டிய எல்லாம் என் கையில் இருந்தது. தாண்ட முடியாம நின்னது 16 எழுத்துகிட்ட.