கவிழ்த்தால் குடை, நிமிர்த்தால் கிண்ணம்

மணவூர் ரயில் நிலையத்தில் அரக்கோணம் வண்டிக்காகக் காத்திருந்தேன். ஐப்பசி மழை சடசடவென்று அடித்து அப்போதுதான் ஓய்ந்திருந்தது. கல்லூரிப் பெண் ஒருத்தி கூரைக்குள் ஓடிவந்து குடையை மடக்கினாள். அது வழக்கம்போல் கீழ்நோக்கிச் சுருங்கவில்லை. அல்லி கூம்புவதுபோல் மேல்நோக்கிக் கூம்பிக்கொண்டது. நனைந்த பக்கம் உள்ளே போய்விட, வெளியே உலர்ந்த துணி.

பக்கத்தில் கீரைக்கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மாள் பதறிப்போனார். "ஏம்மா, காத்துல குடை திருப்பிக்கிச்சா?"

"இல்ல ஆயா, இதோட மாடலே இதான். ஈரம் உள்ளயே நின்னுடும், மேல சொட்டாது."

அம்மாள் கூட வந்தவளிடம் திரும்பி, "கொத்த கொடுகு" என்று தெலுங்கில் சொல்லிச் சிரித்தார். புதுக் குடை என்று பொருள்.

அந்த இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கட்டுரை நடக்கிறது. நம் குடையும் தெலுங்கின் கொடுகும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். மலையாளத்தில் குட, கன்னடத்திலும் துளுவிலும் கொடெ. நீலகிரி மலைமேல் கோத்தரிடமும் தோடரிடமும்கூட இச்சொல் உண்டு. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி இவற்றையெல்லாம் ஒரே பதிவில் வைக்கிறது. கடல் தாண்டி இலங்கைக்குப் போனால் சிங்களவரும் 'குடய' என்கிறார்கள். மணவூருக்குப் பக்கத்துத் திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லைக்கோடு இடம் மாறியது. குடையும் கொடுகும் இரு பக்கமும் இருந்தபடியே இருந்தன.

மற்ற மொழிகள் இந்தப் பொருளுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள். ஆங்கிலத்தின் 'அம்பிரெல்லா' நிழல் என்னும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 'பாரசால்' வெயிலைத் தடுப்பது. பிரெஞ்சின் 'பாராப்ளுயி' மழையைத் தடுப்பது. வடமொழியின் 'ஆதபத்ரம்' வெம்மையிலிருந்து காப்பது, 'சத்ரம்' மறைப்பது. எல்லாமே அது செய்யும் வேலையைச் சொல்லும் பெயர்கள். தமிழ்க் குடை வேலையைப் பற்றி வாயே திறப்பதில்லை. அது வடிவத்தைச் சொல்லும் பெயர் என்பது என் கட்சி.

என் சாட்சி, சோறு தின்னும் குடை. பனையோலையை மடித்துக் கோலிச் செய்யும் கிண்ணத்துக்குப் பனங்குடை என்று பெயர். புறநானூற்றில் அதில் உண்கிறார்கள். பதநீர் குடிக்க ஓலையை மடித்துத் தருவார்களே, அதன் உறவுதான். காது குடைகிறோம், மலையைக் குடைந்து குடைவரைக் கோயில் எழுப்பினார்கள், நீரில் பாய்ந்து குடைந்து ஆடினார்கள். உள்ளே குழிவதும் குழிப்பதும்தான் எல்லாவற்றிலும் பொது. குழிந்த ஓலையை நிமிர்த்திப் பிடித்தால் கஞ்சிக் கிண்ணம். கவிழ்த்துத் தலைக்கு மேல் பிடித்தால் மழைக்குக் காப்பு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தவர்கள் குழப்பத்தில் வைக்கவில்லை.

வடிவத்துக்கு வைத்த பெயர் என்பதால்தான் அது கண்ட இடத்திலெல்லாம் ஒட்டிக்கொண்டது. மழைக்குப் பின் குப்பைமேட்டில் முளைப்பது நாய்க்குடை. நாய்க்கு அது நிழலும் தராது, மழையும் தடுக்காது. வடிவம் மட்டும் பொருந்துகிறது. காய்கறிக் கடையில் குடைமிளகாய், திருவிழாவில் குடைராட்டினம், காட்டில் குடைவேல மரம், பெருங்கற்காலத்துப் புதைகுழிமேல் குடைக்கல். நெடுஞ்சாலையில் லாரி கவிழ்ந்தால் நாளிதழ் 'குடைசாய்ந்தது' என்று எழுதுகிறது. அதிகாரி ஓயாமல் நச்சரித்தால் அதுவும் 'குடைச்சல்'.

அரசர்கள் இந்தச் சொல்லின் தலையில் கொற்றத்தை ஏற்றினார்கள். வெண்கொற்றக்குடை நனையாமல் இருக்கப் பிடித்தது அல்ல, ஆளப் பிடித்தது. போருக்குப் புறப்படுமுன் நல்ல நேரம் பார்த்துக் குடையை முன்னே அனுப்பி வைப்பதற்குக் குடைநாட்கோள் என்று இலக்கணமே வகுத்தார்கள். வள்ளுவர் அரசனுக்குக் கவிகை என்னும் சொல்லை எடுத்தார். உழவு அதிகாரத்திலோ, பல அரசர் குடைகளையும் தம் அரசனின் குடைக்கீழ்க் கொண்டுவருபவர் உழவர் என்றார்.

மணவூரில் நின்றுகொண்டு சொல்லவேண்டிய குடை ஒன்று உண்டு. சிலப்பதிகாரம் கூறும் பதினோரு ஆடல்களில் ஒன்றின் பெயரே குடை. ஆடியவன் முருகன். அவுணர் படைக்கலங்களைப் போட்டுவிட்டுத் துவண்டபோது, தன் குடையை முன்னே சாய்த்து, அதையே ஒருமுக எழினியாக, அதாவது திரைச்சீலையாக வைத்துக்கொண்டு ஆடினான் என்பது உரை. போர் முடிந்து அவன் சினம் தணிந்த மலை என்று தலபுராணம் சொல்லும் திருத்தணி இங்கிருந்து கூப்பிடு தூரம் இல்லையென்றாலும் கும்பிடு தூரம்தான். குடைக்கு நிழலையும் மழைக்காப்பையும் தாண்டி ஒரு கூடுதல் வேலை கொடுத்ததாக நம் இலக்கியத்தில் நான் காணும் அழகான கதை இதுதான். அதற்காகக் குடையில் ஒரு கம்பியைக்கூட அவன் மாற்றவில்லை. சாய்த்துப் பிடித்தான், அவ்வளவே.

ஆளும் குடை என்றால் ஆளப்படுபவருக்குக் குடை இல்லை என்றும் ஆகிறது. 'அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான்' என்று சிரித்துக்கொண்டே சொல்கிறோம். அந்தப் பழமொழிக்குள் ஒரு தடை உத்தரவு இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் நாடார் மக்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது என்று விதிகள் இருந்தன. கொட்டும் தென்மேற்குப் பருவமழையில் குடை பிடிப்பது குற்றம்! வயலில் இறங்கியவர்கள் ஓலையாலோ கோணிச் சாக்காலோ தலையையும் முதுகையும் மூடும் கொங்காணி போட்டுக்கொண்டார்கள். கையில் பிடிக்க வேண்டாத, இரண்டு கையாலும் நாற்று நடத் தோதான காப்பு. இன்று கடைகளில் 'கை படாத குடை' என்று தலையில் மாட்டிவிடுகிறார்களே, அதன் மூதாதை. கேரளத்தின் தொப்பிக்குடையும் அதே சாதி.

குடைக்குள் எஃகு புகுந்தது வெகு பின்னால். ஐரோப்பாவில் 'திமிங்கில எலும்பு' என்று அழைக்கப்பட்ட திமிங்கிலத்தின் வாய்த் தகட்டைக் கம்பியாக வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள்; கனம் தாங்காது. இங்கிலாந்தின் சாமுவேல் ஃபாக்ஸ் 1852-இல் எஃகுக் கம்பியை வாய்க்கால்போல் குழித்து வளைத்தார். தட்டைக் கம்பி மடங்கிவிடும். அதே எடையில் குழித்த கம்பி நிமிர்ந்து நிற்கும். அங்கேயும் குடைவுதான் குடையைக் காப்பாற்றியது. 1920-களில் ஜெர்மனியின் ஹான்ஸ் ஹௌப்ட் தண்டைக் குழாய்க்குள் குழாயாகச் செருகிப் பைக்குள் அடங்கச் செய்தார். நம் ஊரில் தாத்தாக்களின் வளைபிடிக் கறுப்புக் குடை போய் மடக்குக் குடை வந்தது. பிறகு பட்டன் குடை, மூன்று மடிப்புக் குடை. காற்று புகுந்து வெளியேற வழிவிட்ட இரட்டைக் கூரைக் குடை, வெயிலைத் திருப்பியடிக்க உள்ளே வெள்ளிப் பூச்சு பூசிய குடை, பிடியில் டார்ச் வைத்த குடை என்று வரிசை நீளுகிறது. மலையாள நாட்டில் ஜூனில் பள்ளி திறக்கும்போது குழந்தைகளுக்கு விசில் வைத்த குடையும் வரும். திருச்சூர்ப் பூரத்தின் குடமாற்றத்தில் யானைமேல் நின்று வண்ணக் குடைகளை மாற்றி மாற்றி உயர்த்துவார்கள். சில ஆண்டுகளாக எல்.இ.டி. விளக்குக் குடைகளும் அந்தப் போட்டியில் உண்டு.

இத்தனை புதுமைக்கும் தமிழ் புதுச்சொல் தேடி அலையவில்லை. முன்னால் ஓர் அடைமொழி சேர்த்தது, முடிந்தது. முத்துக்குடை, தாழங்குடை, மடக்குக் குடை, பட்டன் குடை. நிழல் என்று பெயர் வைத்திருந்தால் மழைக்கு இடித்திருக்கும். மழை என்று வைத்திருந்தால் வெயிலுக்கு இடித்திருக்கும். குழிவு என்று வைத்ததால் யாருக்கும் இடிக்கவில்லை.

திரும்ப நடைமேடைக்கு வருவோம். வண்டி வரும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் எழுந்து, கூம்பியிருந்த குடையின் வாயைச் சற்று விரித்துத் தண்டவாளப் பக்கம் சாய்த்தாள். உள்ளே தேங்கியிருந்த நீர், அரை டம்ளர் இருக்கும், ஒரு வீச்சாகக் கொட்டியது. நீரை ஏந்தி நின்ற குடை! பனங்குடை பாலியெஸ்டரில் மறுபடி வந்திருந்தது. அதைச் செய்தவருக்குத் தமிழ் தெரிந்திருக்காது. தமிழுக்கு அவர் செய்தது முன்பே தெரிந்திருந்தது.

ஒரு வேண்டுகோள். குடை அகராதியில் பத்திரமாக இருக்கிறது. அதன் உறுப்புகள் அப்படி இல்லை. எங்கள் பக்கத்தில் குடை தைப்பவர் ஒருவரிடம் பேர்பேராகக் கேட்டேன். கம்பி, ஸ்பிரிங், பிடி என்று மூன்றோடு நிறுத்திக்கொண்டார். ஓலைக்குடை முடைந்தவர்கள் ஒவ்வொரு முடிச்சுக்கும் வளையத்துக்கும் பெயர் வைத்திருப்பார்கள். உங்கள் ஊரில் அப்படி ஒரு கிழவரோ கிழவியோ இருந்தால், இந்த மழைக்காலம் முடிவதற்குள் போய் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள்.