வாழ்வின் பொருள் தேடல்: வ.உ.சி.யின் சிறைக்கால எழுத்து

வாழ்வுக்குப் பொருள் தேடுவதை உளவியலின் நடுக்கேள்வியாக்கியவர் வியன்னா மருத்துவர் விக்டர் பிராங்கல் (1905–1997). நாஜி வதைமுகாம்களிலிருந்து மீண்ட அவர் 1946இல் வெளியிட்ட நூலில், செய்யும் வேலை, கொள்ளும் அன்பு, தவிர்க்க முடியாத துன்பத்தை எதிர்கொள்ளும் மனநிலை என்னும் மூன்று வழிகளில் மனிதர் பொருள் காண்கிறார்கள் என்றார். அதற்கு 37 ஆண்டுகளுக்கு முன்பே சிறைக்குள்ளிருந்து இதே கேள்வியோடு மல்லாடியவர் தூத்துக்குடி வழக்கறிஞர் வ.உ. சிதம்பரம் பிள்ளை (1872–1936). மனநிலை ஒருவரைத் தாங்கிப்பிடிக்கும். ஆனால் பிறருக்கான வேலையில் வேர் பிடித்தால்தான் பொருள் நிலைக்கும் என்பதே அவர் வாழ்க்கை காட்டும் பாடம்.

1906 அக்டோபரில் அவர் பதிவு செய்த சுதேசி நாவாய்ச் சங்கம், வெள்ளையர் கம்பெனியின் கையிலிருந்த தூத்துக்குடி–கொழும்பு தடத்தில் 'காலியா', 'லாவோ' என்னும் கப்பல்களை ஓட்டியது. 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது முன்னின்றவரும் அவரே. மார்ச் 12இல் கைதானார். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது என்றாலும் சங்கம் நொடித்துப்போனது. கோவைச் சிறையில் சணல் கிழிக்கும் எந்திரத்தைச் சுற்றிச் சுற்றி உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. பிறகு மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டினார்கள். அந்தச் சிறைவாசத்தில்தான் ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனின் நூலை 'மனம்போல வாழ்வு' என்று தமிழாக்கினார். அது 1909இல் வெளிவந்தது.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். எண்ணமே சூழலை உருவாக்குகிறது என்பது ஆலனின் கொள்கை. அப்படியானால் பஞ்சாலைத் தொழிலாளியின் வறுமைக்கும் அவன் மனமே பொறுப்பா? ஆலனை மட்டும் படித்தால் அந்த முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கும். அது கொடிய முடிவு. மொழிபெயர்த்தவரோ அப்படி வாழவில்லை. கோரல் மில் தொழிலாளர்களிடம் மனத்தைத் திருத்திக்கொள்ளச் சொல்லாமல், கூலியைத் திருத்தச் சொல்லி முதலாளியிடம் போராடினார். கண்ணூர்ச் சிறையில் எழுதி 1914இல் வெளியிட்ட 'மெய்யற'த்தின் அடுக்கும் இதையே சொல்கிறது. மாணவர், இல்வாழ்வு, அரசு, அந்தணர் ஆகிய இயல்களைக் கடந்த பிறகே அந்நூல் மெய்யியலுக்குப் போகிறது. வீட்டையும் நாட்டையும் தாண்டிக் குதித்து மெய்யை எட்டும் குறுக்குவழி அதில் இல்லை. கை கால் கட்டுண்ட ஒருவர் தம்மிடம் எஞ்சியிருந்த ஒரே உரிமையான மனத்தை ஆளுவதற்கே ஆலனை எடுத்துக்கொண்டார் என்று கொள்வதே பொருந்தும்.

அபூர்வமான ஒரு மனிதரை வைத்து உளவியல் பேசலாமா என்றும் கேட்கலாம். ஒருவர் வாழ்க்கை பொதுவிதி ஆகாதுதான். விதி எங்கே பிடிக்கிறது, எங்கே நழுவுகிறது என்பதை அது காட்டும். வாழ்வுப் பொருளை அளக்க மைக்கேல் ஸ்டெகரும் குழுவினரும் 2006இல் வெளியிட்ட வினாப்பட்டியல், பொருள் இருப்பதையும் பொருளைத் தேடுவதையும் தனித்தனியாக அளக்கிறது. பொருள் இருப்பவர் தேடக்கூடாது என்றில்லை; வ.உ.சி.யின் பிற்கால வாழ்க்கையும் அதையே காட்டுகிறது. 1912 இறுதியில் விடுதலையான அவருக்குக் கப்பலும் இல்லை, வக்கீல் தொழில் செய்வதற்கான சன்னதும் (உரிமமும்) இல்லை. சென்னையில் வறுமையோடு போராடினார். சன்னது பின்னர் திரும்பக் கிடைத்தது, வசதி திரும்பவில்லை. ஆனால் வேலை ஓயவில்லை: தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பித்தார், திருக்குறளுக்கு உரை எழுதினார், 1934இல் ஆலனின் இன்னொரு நூலைச் 'சாந்திக்கு மார்க்கம்' என்று தந்தார். முதல் மொழிபெயர்ப்புக்கும் இதற்கும் இடையே கால் நூற்றாண்டு. சிறைத் துன்பத்துக்கு மருந்தாக மட்டும் ஆலனைத் தேடியிருந்தால், வெளியே வந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அவரை மற்றவர்களுக்குக் கொண்டுசேர்க்க மெனக்கெட்டிருக்க மாட்டார்.