ரஸ்தாவில் ஒலித்த சலங்கை

காரைக்குடியை அடுத்த கோவிலூர் வேதாந்த மடத்தால் பெயர்பெற்ற ஊர். துறவுக்கும் தமிழ்வழி வேதாந்தப் பாடத்துக்கும் பேர்போன அதே வட்டாரத்தில், தேவகோட்டை ரஸ்தாவில், 1946இல் வேறொரு கலைக்கூடம் எழுந்தது. ஏ.வி. மெய்யப்பன் சென்னையிலிருந்து தம் படத் தயாரிப்பை அங்கே கொண்டுவந்தார். கீற்றுக்கொட்டகைகளுக்கிடையே உருவான 'நாம் இருவர்' 1947 ஜனவரியில் வெளிவந்தது. அதன் கதையை மறந்தவர்கள்கூட அதில் ஆடிய குமாரி கமலாவை மறக்கவில்லை. படப்பிடிப்பின்போது அவருக்கு வயது பன்னிரண்டு.

1934இல் மாயூரத்தில் பிறந்த கமலா, 'வாலிபர் சங்கம்' (1938) படத்தில் பேபி கமலாவாக அறிமுகமானார். பம்பாயில் லச்சு மகராஜிடம் கதக் கற்றார். 'கிஸ்மத்', 'ராம ராஜ்யம்' (இரண்டும் 1943) ஆகிய இந்திப் படங்களில் தோன்றினார். பின்னர் பரதத்தில் காட்டுமன்னார்கோயில் முத்துக்குமாரப் பிள்ளையும் வழுவூர் ராமையா பிள்ளையும் அவருக்கு ஆசிரியர்களாக வாய்த்தனர்.

'நாம் இருவர்' படத்தில் நாம் கேட்பது டி.கே. பட்டம்மாளின் குரல், காண்பது கமலாவின் ஆட்டம். பாட்டு பாரதியுடையது. அப்பாடல்களின் இசைத்தட்டு உரிமை அப்போது மெய்யப்பனிடம் இருந்தது. நாடு விடுதலை பெறச் சில மாதங்கள் எஞ்சியிருக்கையிலேயே, பெற்றுவிட்டதாகப் பாரதி பாடிய களிப்பைத் திரையில் ஒரு சிறுமி ஆடிக் காட்டினார். அரங்கில் தரையில் அமர்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் சபா வாசலை மிதித்திராதவர்கள். பரதம் அவர்களிடம் வந்தது சில நிமிடப் பாட்டாகத்தான். வர்ணமும் பதமும் திரைக்குப் புறத்தே நின்றுவிட்டன.

இங்கே ஒரு முரணைக் கவனிக்க வேண்டும். அதே 1947இல்தான் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம் முடிவுக்கு வந்தது. அது வந்தே தீரவேண்டிய முடிவு. ஆனால் தலைமுறைகளாக அந்த ஆட்டத்தைக் காத்த குடும்பத்துப் பெண்களில் பாலசரஸ்வதி போன்ற மிகச் சிலரே மேடையில் நிலைத்தனர். அவர்களது மரபைச் சேர்ந்த நட்டுவனார்களின் கலை, பிராமணக் குடும்பத்துச் சிறுமியின் உடல்வழியே 'கௌரவமான' கலையாக ஊர் ஊராகச் சென்றது. கமலாவின் வெற்றியில் அவரது திறமை ஐயத்துக்கு இடமற்றது. அந்த வெற்றிக்குக் கதவு திறந்த காலமோ வேறு பலருக்கு அதை மூடியது. இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்லாத நாட்டிய வரலாறு பாதி வரலாறே.

ஹாலிவுட்டின் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிள் 1950இல், இருபத்திரண்டாம் வயதில், படங்களிலிருந்து விலகினார். வளர்ந்துவிட்ட குழந்தையைத் திரை எளிதில் ஏற்பதில்லை. கமலாவைக் காத்தது நடனம். 1953இல் இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவையொட்டி லண்டனில் ஆடினார். 'பாவை விளக்கு' (1960), 'கொஞ்சும் சலங்கை' (1962) எனப் படங்களும் தொடர்ந்தன.

அவற்றுள் இவ்வட்டாரத்துக்கு நெருக்கமானது 'சிவகங்கைச் சீமை' (1959). காரைக்குடிப் பக்கத்துச் சிறுகூடல்பட்டிக்காரரான கண்ணதாசன் தயாரித்த, மருது சகோதரர் கதை அது. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வந்த அதே ஆண்டில் வெளியாகி, வசூலில் தோற்றது. எஸ்.எஸ். ராஜேந்திரனுடன் கமலா அதில் நடித்தார். ரஸ்தாவில் சிறுமியாக ஆடியவர், அதே சீமையின் கதையில் கதைமாந்தராகத் திரும்பி வந்தார்.

1970இல் பத்மபூஷண் பெற்ற கமலா, 1980இல் நியூயார்க்கில் குடியேறி நடனம் கற்பித்தார். 2010இல் அமெரிக்க அரசின் தேசியப் பாரம்பரியக் கலைஞர் விருதும் அவரை அடைந்தது. ஏவி.எம். நிறுவனமோ 1948இலேயே கோடம்பாக்கத்துக்குப் போய்விட்டது.

ஆயினும் 'நாம் இருவர்' படச்சுருள் எஞ்சியிருக்கிறது. அதைப் பார்க்கையில் அந்தச் சிறுமியின் முத்திரைகளை ரசிப்போம். அவற்றைச் சொல்லிக்கொடுத்த நட்டுவனாரையும், அவருக்கு முன் அதே அடவுகளை ஆடிப் பெயரின்றி மறைந்த பெண்களையும் அங்கேயே காணலாம்.