வண்டியும் காப்புச் சங்கிலியும்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையை அடுத்துள்ளது இரும்பை; சம்பந்தர் பாடிய மாகாளம் அதுவே. அப்பழம்பதிக்கு அருகே ஓடும் சாலைகளில் இன்று கரும்பேற்றிய டிராக்டர்களும் நீண்ட சரக்கு லாரிகளும் செல்லக் காண்கிறோம். முன்னே செல்வது ஒரு வண்டி. பின்னே இழுபட்டு வருவது மற்றொன்று. இரண்டையும் பிணைப்பது சிறியதோர் இரும்புத் துண்டே. அது முறிந்தால் என்னாகும்? இவ்வினாவுக்கு விடை காண மனிதர் கொடுத்த விலை பெரிது.

இழுப்பதினும் நிறுத்துவது அரிது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். தேர்வடம் பிடிப்போர் பலர். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை இடுவோர் சிலர். அச்சிலரின் கைத்திறனையே தேரின் காவல் நம்பியிருந்தது. வடத்துக்கு இழுக்கும் ஆற்றல் உண்டு. தடுக்கும் ஆற்றல் இல்லை.

ரயில் தோன்றியபோது இக்குறை பேருருக் கொண்டது. 1889 ஜூன் 12ஆம் நாள், அயர்லாந்தில் ஆர்மா நகருக்கு அருகே, சிறுவர் பலர் சென்ற உல்லாசப் பயண ரயில் ஒன்று மேட்டில் ஏற மாட்டாமல் நின்றது. பணியாளர் அதனை இரண்டாகப் பிரித்தனர். பின்பாதியின் சக்கரங்களுக்குக் கற்களை முட்டுக் கொடுத்தனர். முன்பாதி புறப்படும்போது சற்றே பின்னடைந்து இடித்தது. கற்கள் நொறுங்கின. பெட்டிகள் சரிவில் உருண்டு, பின்னால் வந்த ரயிலில் மோதின. ஏறத்தாழ 80 பேர் மாண்டனர். அந்த ரயிலின் வெற்றிட பிரேக், இணைப்பு நீங்கியதும் பயனற்றுப் போகும் வகையினது. இணைப்பு அற்றால் தானே இயங்கும் பிரேக்கைப் பயணி ரயில்களுக்குக் கட்டாயமாக்கும் சட்டம் அவ்வாண்டிலேயே பிறந்தது.

அந்தப் பாடம் பின்னர்ச் சாலைக்கும் வந்தது. நான்கு சக்கரக் குதிரை வண்டியின் முன்னச்சின்மேல் படுக்கையாக அமைந்த வளையத்தை 'ஐந்தாம் சக்கரம்' என்றனர். லாரியின் முதுகில் டிரெய்லரைத் தாங்கும் தட்டுக்கும் அப்பெயரே நிலைத்தது. டிரெய்லரின் அடியிலுள்ள தடித்த முளையைத் தட்டின் தாடைகள் கவ்விக்கொள்ளும். சுமையின் ஒரு பகுதியையும் லாரியே தாங்கும். ஆதலின் அமெரிக்காவின் கூட்டாட்சி விதி, இழுவைத் தண்டால் பிணைக்கப்படும் முழு டிரெய்லருக்கே காப்புச் சங்கிலி அல்லது அதற்கு நிகரான கருவியை வலியுறுத்துகிறது. இத்தகைய சங்கிலிகளைத் தண்டின்கீழ்க் குறுக்காகப் பூட்டுவது நன்முறை; கொக்கி கழன்றால் தண்டு தரையில் குத்தாமல் சங்கிலிகளின்மேல் தங்கும்.

நம் நாட்டில் 1914, 1939, 1988 ஆகிய ஆண்டுகளின் மோட்டார் வாகனச் சட்டங்கள் படிப்படியாக வளர்ந்தவை. 1988ஆம் ஆண்டுச் சட்டம், தன் சுமையில் ஒரு பகுதியை இழுக்கும் வண்டியின்மேல் ஏற்றும் டிரெய்லரைத் தனி வகையாக வரையறுத்தது. டிரெய்லருக்கும் பதிவு வேண்டும் என்றது. பழுதான மோட்டார் வண்டியை இழுக்கும்போது இரண்டுக்கும் இடைவெளி 5 மீட்டரை மிஞ்சலாகாது என்றும், கயிறோ சங்கிலியோ பிறர் கண்ணுக்கு எளிதில் புலப்பட வேண்டும் என்றும் 1989ஆம் ஆண்டுச் சாலை விதிகள் கூறின. 2017இல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்தன.

சட்டம் ஏட்டில் இருப்பதனால் மட்டும் சங்கிலி பூட்டப்பட்டுவிடாது. புறப்படுமுன் ஓட்டுநர் இறங்கி, குனிந்து, கொக்கியைக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஆகும் பொழுது மிகச் சிறிது. பின்னே சைக்கிளில் வரும் மாணவனின் உயிர் அச்சிறு பொழுதையே நம்பியிருக்கிறது.