கும்மிடிப்பூண்டி – பழவேற்காடு வட்டாரம்

தமிழ்நாட்டின் வடகிழக்கு முனையில் அமைந்த கடலோர நிலப்பகுதி. திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வட்டங்கள் இதில் அடங்கும். கிழக்கே வங்கக் கடலும் பழவேற்காட்டு ஏரியும், வடக்கே ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டமும் எல்லைகள். ஆரணியாறும் கொசத்தலையாறும் மேற்கிலிருந்து பாய்கின்றன.

சற்று மேற்கே அத்திரம்பாக்கத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். 2011இல் வெளியான ஆய்வு அவற்றுள் பழையவற்றின் வயதை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் எனக் கணித்தது. வரலாற்றுக் காலத்தில் இப்பகுதியைப் பல்லவர், சோழர், விஜயநகர அரசர் ஆண்டனர்.

விரிவான பதிவுகள் டச்சுக்காரர் வருகையோடு தொடங்குகின்றன. விஜயநகர அரசர் வேங்கடபதி ராயரிடம் 1610இல் அனுமதி பெற்று, 1613இல் அவர்கள் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையின் டச்சு வணிகம் முழுவதற்கும் இக்கோட்டையே தலைமை. உள்ளூர் நெசவாளரின் துணி இங்கிருந்து கப்பலேறி, கிழக்கிந்தியத் தீவுகளில் கிராம்புக்கும் சாதிக்காய்க்கும் மாற்றாயிற்று. மலாய் நாடுகளில் கட்டம்போட்ட கைலிக்கு இவ்வூரின் பெயரே இன்றும் வழங்குகிறது. அரசவைக்கும் கோட்டைக்கும் இடையே தரகராய் இருந்து பெருஞ்செல்வம் சேர்த்தவர்கள் மலையா, சின்னண்ணா என்னும் தெலுங்கு வணிகச் சகோதரர்கள். கோட்டையில் வெடிமருந்துச் சாலையும் இயங்கியது. பஞ்ச காலங்களில் ஆயிரக்கணக்கான ஏழைகள் அடிமைகளாக விலைக்கு வாங்கப்பட்டு, டச்சுக்காரரின் கிழக்கிந்தியத் தலைமையிடமான பத்தாவியாவுக்கு அனுப்பப்பட்டதும் இக்கரையிலிருந்துதான். துணி வணிகத்தின் புகழைச் சொல்லும் நூல்கள் பல இதை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன.

கோட்டை 1806இல் தகர்க்கப்பட்டது; ஊர் 1825இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. எஞ்சியவற்றுள் கல்லறைத் தோட்டம் தனியே குறிப்பிடத்தக்கது. வாயிலின் இருபுறமும் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன. பலகைக் கற்களில் குடும்பச் சின்னங்களும் டச்சு எழுத்துகளும் இன்றும் தெளிவாகத் தெரியும் அளவுக்கு ஆழச் செதுக்கப்பட்டுள்ளன.

கடலோடி வணிகம் செய்த மரக்காயர், தம் முன்னோர் அரபு நாட்டிலிருந்து இஸ்லாத்தின் தொடக்கக் காலத்திலேயே வந்தனர் என்பர். இக்கால வரையறை உறுதிப்படவில்லை. ஏரியில் மீன்பிடிக்கும் பட்டினவர் 'பாடு' என்னும் முறையைக் காத்துவருகின்றனர். உரிமையுள்ள குடும்பங்கள் முறைவைத்து, குறித்த நீர்ப்பரப்பில் குறித்த நாளில் வலையிடும் ஏற்பாடு இது. யாருக்கும் தொடர்ந்து நல்ல இடமோ மோசமான இடமோ அமையாதபடி நுட்பமாக வகுக்கப்பட்டது. ஆயினும் பிற சாதியினருக்கு இதில் இடமில்லை என்பதால் பூசல்கள் எழுந்துள்ளன. இருளர் வலையின்றிக் கையாலேயே இறால் பிடிக்கின்றனர்; செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணக் கடனுக்குக் கொத்தடிமைகளாய்ச் சிக்கியோரும் அவர்களில் பலர். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. அங்கே ஸ்ரீஹரிக்கோட்டாவில் ஏவுதளம் அமைந்தபோது ஏனாதிப் பழங்குடியினர் இடம்பெயர்க்கப்பட்டனர்.

1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபின் எல்லைச் சிக்கல் வலுத்தது. ம.பொ.சிவஞானம் வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தினார். எல்லைச் சிக்கலுக்கு நடுவராயிருந்த படாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. திருவள்ளூர், பொன்னேரி வட்டங்களின் சில ஊர்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. இப்பங்கீடு நியாயமானதா என்பதில் இருதரப்பிலும் கருத்து வேறுபாடு உண்டு. கோடு எங்கே விழுந்தாலும் அதன் இருபுறமும் இருமொழிக் குடும்பங்கள் இருந்தன. எல்லையோரத் தமிழக ஊர்களில் தெலுங்கு இன்றும் வீட்டுமொழி. தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பை எட்டியபோது, தெலுங்குவழி மாணவர்கள் நீதிமன்றத்தை நாடி விலக்குப் பெற்றனர்.

கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் உள்ளது. இத்தகைய முகாம்கள் 2021 முதல் 'மறுவாழ்வு முகாம்' எனப்படுகின்றன. சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்காலைகளில் ஒடிசா, பீகார் முதலிய மாநிலத் தொழிலாளர் பெருமளவில் பணிபுரிகின்றனர்.